31ஆம் தேதி இரவின் பில்கள்: வேலூர்ப் பக்கத்து விற்பனை அதிகாரி ஒருவரின் 22 மாதங்கள்

2022 மார்ச் 31, இரவு பதினொன்றே கால். குடியாத்தத்தில் ஒரு பிஸ்கட் ஏஜென்சியின் குடோனில் உட்கார்ந்து பில் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் கம்பெனியின் எஸ்.ஓ., அதாவது சேல்ஸ் ஆபீசர். வயது 29. கையில் போன். ஸ்பீக்கரில் ஏ.எஸ்.எம்., அதாவது அவருக்கு மேலே உள்ள ஏரியா சேல்ஸ் மேனேஜரின் குரல்.

"இன்னும் ஒண்ணே முக்கா லட்சம் வேணும்யா. பன்னெண்டுக்குள்ள வரலைன்னா நாளைக்கு கான்கால்ல உன் வாயாலயே சொல்லு, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு."

தம்பி போனை மியூட்டில் போட்டார். "அண்ணா, பேரணாம்பட்டு லைன்ல எந்தெந்த கடை பேரு கீது, எடுங்க."

எடுத்தேன். அன்றிரவு 37 கடைகளின் பெயரில் பில் போட்டேன். அதில் ஒருவர்கூட ஆர்டர் கொடுத்தவரில்லை.

அந்தக் கணக்குகளை எழுதியவன் என்பதுதான் இந்த ஆய்வை எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி. கம்பெனியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "நான் செஞ்சதையும் எழுதுங்கண்ணா" என்றார். எழுதியிருக்கிறேன்.

ஆளும் ஏரியாவும்

தம்பி குடியாத்தத்துக்காரர். அப்பா லுங்கித் தறி ஓட்டியவர். பி.காம். முடித்து, ஒரு மொத்தக் கடையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, 2021 ஆகஸ்டில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். மாதம் 24,000 சம்பளம், டார்கெட் நூறு சதவீதம் முடித்தால் 5,000 இன்சென்டிவ். சேரும்போது டிகிரி ஒரிஜினலையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கையும் வாங்கிக்கொண்டார்கள். "எல்லாருக்கும் அப்படித்தாம்பா" என்றார்களாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்ற சொல்லை இந்தக் கதையில் இன்னும் பல இடத்தில் கேட்கப் போகிறோம்.

அவருக்கு நான்கு ஏஜென்சிகள்: வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி, ஆற்காடு. பழைய ஆட்கள் இன்றைக்கும் இதை நார்த் ஆற்காடு என்றுதான் சொல்வார்கள். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது. 2019இல் மிச்சமிருந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஊரும் கடையும் அதே ஊர், அதே கடைதான். ஆனால் கான்காலில் ஏ.எஸ்.எம். ஒவ்வொரு முறையும் சொல்வது: "மூணு மாவட்டத்தைக் கையில வெச்சிருக்க, இருபது லட்சம் போட முடியலையா?" கலெக்டர் ஆபீஸ் மூன்றானால் டீக்கடையும் மூன்று மடங்காகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஆள் வேலை தெரியாதவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட கம்பெனிகளில் கடைசியில் எல்லாக் குற்றமும் 'ஆள் சரியில்லை' என்பதில் போய் முடியும். பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. விடியற்காலையிலேயே வண்டி வந்து நிற்கும், அன்றைக்கு அங்கே டீக்கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட் எவ்வளவு வைத்தாலும் போகும். எந்த நாளில் எந்த ஊர் லைன் என்று ஹெட் ஆபீஸில் போட்ட பீட் பிளானில் பொய்கைக்கு வெள்ளிக்கிழமை. தம்பி முதல் மாதமே மாற்றிக் கேட்டார், திங்கட்கிழமையே சரக்கு இறங்கட்டும் என்று. அதே போல வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி பாபுராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் டீயோடு கேட்பது ரஸ்க்கும் சர்க்கரை குறைந்த பிஸ்கட்டும். கிரீம் பிஸ்கட் அல்ல. இதையும் எழுதி அனுப்பினார். பதில்: "பிளானை ஃபாலோ பண்ணு. ஐடியா குடுக்க ஹெச்.ஓ.ல ஆளிருக்கு."

மாசக் கடைசி எப்படி நடக்கிறது

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி ஏஜென்சிக்கு விற்பது பிரைமரி. ஏஜென்சி கடைக்கு விற்பது செகண்டரி. மக்கள் தின்பது செகண்டரியோடு சேர்ந்தது. மேலே உள்ளவர்களின் இன்சென்டிவ் பிரைமரியோடு சேர்ந்தது. கோளாறு முளைக்கிற இடம் இந்த இடைவெளிதான். நல்ல கம்பெனிகளிலும் இந்த இடைவெளி உண்டு. அங்கே யாராவது ஒருவர், 'குடோனில் ஏற்கனவே எவ்வளவு கிடக்கிறது' என்று கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை.

குடியாத்தம் ஏஜென்சியின் கணக்கு என் கையில் இருந்ததால் அதையே சொல்கிறேன். கடைகளுக்கு உண்மையில் போனது மாதம் நாலரை லட்சம். டார்கெட் ஆறு லட்சம். ஆறும் வந்துவிடும், ஒரு மாதம்கூடத் தவறாது. ஆனால் தேதிவாரியாகப் பார்த்தால் முதல் 27 நாளில் இரண்டு லட்சம், கடைசி மூன்று நாளில் நான்கு லட்சம். ஒரு கம்பெனி ஆட்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள நான் இப்போது யாரையும் விசாரிப்பதில்லை. கடைசி மூன்று நாள் பில் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு என்றால், அங்கே 28ஆம் தேதி முதல் யாரோ யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டாக் அளவுக்கு மேல் இருந்தால் கம்பெனியின் சிஸ்டமே புதுப் பில்லை ஏற்காது. அதனால் இருக்கிற சரக்கு கடைக்குப் போய்விட்டதாக முதலில் காட்ட வேண்டும். நான் அன்றிரவு போட்ட 37 பில்லும் அதற்குத்தான். காகிதத்தில் குடோன் காலியாகும், உடனே புதுச் சரக்குக்கு ஏஜென்சி முதலாளி கம்பெனிக்குப் பணம் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் "பேங்க் மூடிட்டாங்க சார்" என்று சாயங்காலத்தோடு தப்பிக்கலாம். 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ். 24 மணி நேரமும் ஆனது. நாட்டுக்கு நல்லது. எங்களுக்கு அந்தச் சாக்கு போயிற்று, மாசக் கடைசி நள்ளிரவு வரைக்கும் நீண்டது.

கூடுதலாக வந்த ஒன்றரை லட்சம் என்ன ஆகும்? ஒரு லட்சத்துக்கான பெட்டிகள் வேலூர் மண்டித் தெருவுக்குப் போகும், நூற்றுக்கு ஆறு ரூபாய் குறைத்து. ஏஜென்சியின் மொத்த மார்ஜினே ஐந்து, ஆறு ரூபாய்தான். அந்த நஷ்டம் 6,000 ரூபாயை முதலாளி ஏற்கமாட்டார், "நீதானே ஏத்தின" என்பார். தம்பி கொடுப்பார். ஆக, 5,000 இன்சென்டிவ் வாங்க 6,000 செலவு, அதுவும் ஒரு ஏஜென்சியில் மட்டும். நான் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது தம்பி சிரித்தார். "இன்சென்டிவுக்கா பண்றேன்? திட்டு வாங்காம இருக்கத்தான் பண்றேன்."

மண்டியில் விழுந்த மலிவுச் சரக்கு சும்மா கிடக்காது. கிறிஸ்டியான்பேட்டை தாண்டி சித்தூர் வரைக்கும், இந்தப் பக்கம் ஆரணி வரைக்கும் போகும். அங்கே உள்ள ஏஜென்சிக்காரர், 'எங்க ஏரியாவுல யாரோ அண்டர்கட் பண்றாங்க' என்று புகார் கொடுப்பார். அந்த ஏரியா எஸ்.ஓ.வுக்கு விற்பனை குறையும். அவருக்குத் திட்டு விழும். அவரும் மாசக் கடைசியில் தன் சரக்கை மண்டியில் இறக்குவார், அது ஆம்பூர் கடைகளுக்கு வரும். ஒரே பயம் நான்கு ஏரியாவைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே சேரும்.

மிச்சம் ஐம்பதாயிரம் குடோனில் தங்கும். ஓடுகிற சரக்காக இருந்தால் தின்று தீர்த்துவிடலாம். கடைசி நாளில் ஏற்றிவிடுவது எப்போதும் ஓடாத சரக்குதான், குறிப்பாக ஒரு புது கிரீம் வகை. பிஸ்கட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். எங்கள் குடோனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அக்னி நட்சத்திரத்தில் கிரீம் உருகி, ரேப்பருக்கு வெளியே எண்ணெய்த் தடம் தெரியும். பத்து மாதத்தில் இப்படித் தேங்கியது ஐந்து லட்சம், அதில் காலாவதியானது ஒரு லட்சத்து எண்பதாயிரம். கம்பெனி ஒப்புக்கொள்வது வாங்கிய தொகையில் நூற்றுக்கு ஐம்பது காசு. பத்து மாதத்தில் வாங்கிய அறுபது லட்சத்துக்கு முப்பதாயிரம். பாக்கி ஒன்றரை லட்சத்தில் பாதியை முதலாளி தம்பியிடம் கேட்டார். தம்பி மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

ஹெட் ஆபீஸில் இதெல்லாம் எப்படித் தெரிந்தது? "குடியாத்தம் 100%" என்று பச்சை நிறத்தில். நூறு சதவீதம் செய்கிற ஏரியாவுக்கு அடுத்த ஏப்ரலில் டார்கெட்டை 15 சதவீதம் ஏற்றுவது அவர்கள் வழக்கம். ஏற்றினார்கள்.

திட்டுகிற முறை

காலை ஒன்பதுக்கு முதல் கடை வாசலில் செல்ஃபி. பதினொன்றுக்கு எத்தனை கடையில் ஆர்டர் என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ். ஒன்றரைக்கு, சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து, கான்கால். ஏழுக்கு ரிப்போர்ட். இரவு பத்துக்கு நான்கு பேர் பெயர் சிவப்பில். லைவ் லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்ய ஆறும் பெருக்கெடுத்து, குடியாத்தத்தில் தரைப்பாலம் மூழ்கிக் கிடந்த நாட்களில், "லொகேஷன் ஏன் ஒரே இடத்துல நிக்குது?" என்று கேட்டு மெசேஜ் வந்தது. தம்பி ஆற்றைப் படம் பிடித்து அனுப்பினார். "எக்ஸ்கியூஸ் வேணாம்" என்று பதில்.

மாத மீட்டிங் வேலூரில் ஒரு லாட்ஜ் ஹாலில். டார்கெட் முடிக்காதவர்கள் மீட்டிங் முடியும் வரை நிற்க வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது அதே 2021இல்தான். லாட்ஜ் ஹால் கடை இல்லை என்பதால் அது இங்கே பொருந்தாது, ஆனால் நினைத்துக்கொண்டேன்.

ஏ.எஸ்.எம்.மை அரக்கனாக வரைய எனக்கு மனமில்லை. அவரும் ஏஜென்சி சேல்ஸ்மேனாகத் தொடங்கி சைக்கிளில் லைன் போனவர்தான். ஒரு முறை குடோனுக்கு வந்தபோது, போனைக் காதில் வைத்தபடி வெளியே வேப்ப மரத்தடியில் அரை மணி நேரம் நின்றார். மறுமுனைக் குரல் உள்ளே எனக்கே கேட்டது. "சோறு திங்கிறியா, வேற ஏதாவது திங்கிறியா?" திரும்பி வந்தவர் ஐந்து நிமிடத்தில் அதே வாக்கியத்தை, அதே ஏற்ற இறக்கத்தோடு தம்பியிடம் சொன்னார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், சர்க்கரை வியாதி. இதைச் சொல்வதால் அவர் செய்தது சரியாகிவிடாது. வேறொரு ஆள் வந்திருந்தாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த 22 மாதத்தில் எங்கள் ஏஜென்சியில் மட்டும் ஐந்து சேல்ஸ்மேன்கள் வந்து போனார்கள். ஐந்தாவது பையனின் பெயர் எனக்கு மனதில் நிற்கவேயில்லை.

தம்பி செய்தது

அவர் எழுதச் சொன்ன பகுதி இது. கடைக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் ஆர்டர் போட்டார். போடச் சொன்னது மேலிடம், தட்டியது நான், ஆனால் எந்தக் கடை என்று தேர்ந்தெடுத்தது அவர். கேள்வி கேட்காத கடைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், அதாவது அவரை நம்பியவர்களின் கடைகளாக. பேரணாம்பட்டில் ஒரு பாய் கடை. தம்பி போனால் முதலில் டீ, பிறகுதான் ஆர்டர். வெயிலில் வந்திருக்கிறார் என்று ஒரு நாள் மோர் வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தவர். அந்தக் கடையின் பெயரில் காகிதத்தில் ஏறிய கொள்முதல் ஸ்கீம் அளவைத் தாண்ட, பாய்க்கு ஒரு டேபிள் ஃபேன் பரிசு விழுந்தது. ஃபேன் பாய்க்குப் போகவில்லை. குடியாத்தத்திலேயே விற்று, அந்தப் பணம் மண்டி நஷ்டத்தில் சேர்ந்தது. டெலிவரி சீட்டில் பாய் கையெழுத்தைப் போட்டது தம்பி.

வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை, போன் அதிர்ந்தால் வயிறு கலங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே சாப்பாடு இறங்குவதில்லை என்று அவர் மனைவி என்னிடம் ஒரு நாள் சொன்னார். நான் அதற்கு என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் அந்த ஏஜென்சியில்தான் சம்பளம்.

வெளியே வந்த விதம்

2023 வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் பிறந்தவன் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்து சேருவான். கூட்டத்தில் லைன் வண்டி நகராது, கடைகளுக்கும் யாவாரம் வேறு. தம்பி ஒரு வாரம் முன்பே லீவு கேட்டிருந்தார். அன்று காலை ஒன்பதுக்கு அழைப்பு வந்தது: "சாமியா சம்பளம் குடுக்குது?" தெரு முனையில் சிரசு ஊர்வலம் வந்துகொண்டிருக்க, அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு அவர் எடுக்கவில்லை.

வெறும் கோபத்தோடு வாட்ஸ்அப்பில் 'நான் வரல' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பிறகு 'சொல்லாமல் ஓடிவிட்டார்' என்று கம்பெனி எழுதும். தம்பி அந்தத் தப்பைச் செய்யவில்லை. மின்னஞ்சலில் ராஜினாமா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்ற குறிப்போடு. கம்பெனி மெயிலை முடக்குவதற்குள் சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பெட்ரோல் கிளைம், ஏஜென்சிகளின் அன்றைய ஸ்டாக் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அந்த ஸ்டாக் பட்டியலில் முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினார். பிறகு அதுதான் அவரைக் காப்பாற்றியது, ஏனென்றால் 'மார்க்கெட்டில் இரண்டு லட்சம் பாக்கி, கொடுத்தால்தான் சர்டிபிகேட்' என்று கம்பெனி எழுதியது. பாக்கி என்று அவர்கள் சொன்ன சரக்கு குடோனில் கிடந்தது.

வெற்றுச் செக் விஷயத்தில்தான் எல்லோரும் நடுங்குவார்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அதிலிருந்து 15 நாளுக்குள் பணம், இல்லையென்றால் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆவது பிரிவு. ஆனால் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் ஒன்று இருந்தால்தான் அந்தப் பிரிவு நிற்கும். தம்பி முந்திக்கொண்டு, இந்த எண்ணுள்ள செக் வேலைக்குச் சேரும்போது வெறும் கையெழுத்தோடு தரப்பட்டது, எந்தக் கடனுக்கும் அல்ல என்று பதிவுத் தபாலில் எழுதினார். செக் வங்கிக்குப் போகவேயில்லை.

வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார். கம்பெனி சொன்ன முதல் பதில்: இவர் 'ஆபீசர்', தொழிலாளி அல்ல. அப்போது நடைமுறையில் இருந்தது விற்பனை ஊழியர்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் மருந்து ரெப்புகளுக்கு என்று வந்தது. 2011இல் பிஸ்கட், சோப்பு, பெயின்ட் போன்ற தொழில்களுக்கும் விரித்தார்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், லீவு, வேலை நீக்கத்தை எதிர்த்துக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. கார்டில் ஆபீசர் என்று அச்சடித்தால் ஆபீசர் ஆகிவிட முடியாது, ஆள் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்ப்பார்கள். தம்பியின் பைக் கிலோமீட்டர் கணக்கே அதற்கு சாட்சி. (2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் வந்துவிட்டன. ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது.)

ஏழு மாதம் ஆயிற்று. மூன்று முறை அழைப்பு, இரண்டு முறை கம்பெனி தரப்பில் யாரும் வரவில்லை. கடைசியில் டிகிரி சர்டிபிகேட்டும் ஒரு மாதச் சம்பளமும் வந்தன. இன்சென்டிவ் வரவில்லை. அடகு நகைக்காகப் போன 75,000 வரவில்லை, அதற்குக் காகிதமே கிடையாது. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தது. கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனால் அதை நாமே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்து, என் மேஜையில் உட்கார்ந்தே போட்டோம்.

ஏரியாவுக்குப் புது எஸ்.ஓ. வந்தார். பேரணாம்பட்டுக்கு முதல் நாள் போனவர், பழகுவதற்காக, "ஃபேன் நல்லா ஓடுதா பாய்?" என்று கேட்டிருக்கிறார். "எந்த ஃபேனு?" என்றாராம் பாய்.

தம்பி இப்போது ஒரு ரஸ்க் பேக்கரியின் சரக்கைத் தன் சொந்த வண்டியில் போடுகிறார். 2024 பொங்கல் கழித்து ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு போனார். வண்டியில் ஒரு புது டேபிள் ஃபேன், பெட்டி பிரிக்காமல். பாய் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ சொல்லவும் இல்லை. தம்பி நடந்ததைச் சொன்னார், கையெழுத்து உட்பட. நான் என் பங்கைச் சொன்னேன். பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காட்டி, "இதுக்கு பில்லு கீதா?" என்றார்.

இருந்தது. தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாய் கண்ணாடியைப் போட்டு, கடைப் பெயர், தேதி, தொகை என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.